ஜெர்மனிக் கால்பந்து ஸ்டிரைக்கர் குளோசே 21 வயதில்தான் மேலே வந்தார். பதினாலு வயதுப் பையனிடம் என்ன சொல்வது?

கன்னங்குறிச்சி ஒன்பது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட லீக்கில் பல வருடம் ஃபார்வர்டாக ஆடியவன் நான். இப்போது சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழே கால் வரை பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதில் ஒருவனுக்கு வயது 14. செவ்வாய்ப்பேட்டையில் அவன் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. அங்கிருந்து சைக்கிளில் வருவான். ஆள் குள்ளம், ஒல்லி. ஆனால் பந்து எங்கே விழப்போகிறது என்பது அவனுக்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு செலக்ஷனுக்கு அழைத்துப் போனேன். எது என்று இங்கே வேண்டாம். கூட்டம் அதிகம். இவனுக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். மூன்று முறைதான் பந்து காலுக்கு வந்தது. வெளியே வந்ததும் ஒருவர், "ஆள் ரொம்பச் சின்னதா இருக்கானே" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது பூட்ஸைக் கயிறோடு சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை.

அவனிடம் சொல்வதற்காகத்தான் மிரோஸ்லாவ் குளோசேயின் கதையைத் திரும்பப் படித்தேன். 1978-இல் போலந்தில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தபோது அந்த மொழி தெரியாது. பெரிய கிளப்புகளின் சிறுவர் அகாடமி எதிலும் வளரவில்லை. ஊர் கிளப்பில், ஏழாவது டிவிஷனில் ஆடினார். கூடவே தச்சுத் தொழில் கற்றார். அங்கிருந்து ஹோம்பர்க், பிறகு கைசர்ஸ்லாட்டெர்னின் இரண்டாம் அணி. ஜெர்மனியின் முதல் டிவிஷனான பன்டெஸ்லிகாவில் முதல் முறை இறங்கியது 2000-இல், 21 வயதில். அடுத்த வருடம் ஜெர்மனி அணி. அல்பேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கடைசி நேரத்தில் தலையால் அடித்து ஜெயிக்கவைத்தார். பிறகு நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு, 2018-இல் பேயர்ன் மியூனிக்கின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். தாமதமாக வந்த ஒருவர், சீக்கிரம் வந்த பையன்களிடம் போய் நின்றார். எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இந்தப் பையனிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால் எப்படிச் சொல்வது? ஆடியவர்கள், பெற்றோர்கள், வாத்தியார்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மணி:

அண்ணா, குளோசே பெயரைப் பார்த்ததும் 2002 ஞாபகம் வந்துவிட்டது. ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம். ஜப்பானில் சப்போரோ மைதானம், சவூதியோடு ஆட்டம். எங்கள் தெருவில் ஒரு கடையில் டிவி முன்னால் நின்றபடியே பார்த்தோம். 8-0. குளோசே மூன்று கோல், மூன்றும் தலையால். அந்தத் தொடரில் அவர் அடித்த ஐந்துமே தலையால்தான்.

இத்தனைக்கும் அவர் பனைமரம் மாதிரி உயரமானவர் இல்லை. ஆறடிதான், அந்த நாட்டு டிஃபெண்டர்களுக்குப் பக்கத்தில் சாதாரண உயரம். மேலே எழும்பி ஒரு நொடி அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும். எல்லோரும் ஓரத்திலிருந்து பந்து கிராஸாக வருகிற பக்கம் பார்ப்பார்கள், அவர் அதற்குள் டிஃபெண்டருக்குப் பின்னால் இருந்து முன்னால் வந்திருப்பார். உங்கள் பையனுக்கு அதைக் காட்டுங்கள். உயரத்தைப் பற்றிச் சொன்னவருக்கும் அதுவே பதில்.

அழகாபுரம் ரவி:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குளோசேயின் அப்பா பிரான்ஸில் ஓசேர் கிளப்புக்காக ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். அம்மா போலந்து நாட்டு ஹேண்ட்பால் அணியில் ஆடியவர். வீட்டிலேயே விளையாட்டு. ஊர் கிளப் என்றாலும் அங்கே புல் மைதானம் இருக்கும், ஒவ்வொரு வாரமும் ஆட்டம் இருக்கும், ஏழாவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷன் வரைக்கும் ஏணி இருக்கும். ஒரு படியில் நன்றாக ஆடினால் அடுத்த படியில் இருப்பவன் கண்ணில் படும். நம் ஊரில் 15 வயதில் ஒருவனை விட்டுவிட்டால் அவன் 19 வயதில் எங்கே ஆடி யார் கண்ணில் படுவான்? லீக் எத்தனை மாதம் நடக்கிறது?

அதனால் "குளோசேவைப் பார், நீயும் வருவாய்" என்று சொன்னால் பையனுக்குக் கொடுக்கிற வாக்கு நம் கையில் இல்லாத வாக்கு. அவரைப் போல 19 வயதில் ஏழாவது டிவிஷனில் இருந்த எத்தனையோ பேர் தச்சராகவே நல்லபடி வாழ்ந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

என் அண்ணன் மகன் பத்தாவதில் படிப்பை விட்டுவிட்டு கிரவுண்டே கதி என்று இருந்தான். ஆசை காட்டிய கோச் வேறு ஊருக்குப் போய்விட்டார். பையனுக்கு அந்த மூன்று வருடம் திரும்பக் கிடைக்கவில்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கன்னங்குறிச்சி ஒன்பது:

ரவி அண்ணா, கோபம் இல்லை. நீங்கள் சொன்ன ஏணி விஷயம் முழுக்க உண்மை. ஆனால் குளோசே தச்சு வேலையை விட்டுவிட்டுப் பந்தைத் துரத்தவில்லை. தொழிலைக் கற்று முடித்தார். இரண்டும் கூடவே போயின. பட்டறை வேலையும் பள்ளிக்கூடமும் காலை ஒன்றரை மணி நேரப் பந்தும் சேர்ந்தே போகலாம் என்றுதான் நான் அந்த அப்பாவிடம் சொல்ல நினைக்கிறேன். அண்ணன் மகனுக்கு நடந்தது எனக்கும் பாடம்தான். வாக்குக் கொடுக்கமாட்டேன்.

தமிழரசி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. மகனுக்கு 11 வயது. இந்த இழையை அவன்தான் காட்டினான். மணி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் காம்பவுண்டு சுவரில் பந்தை எறிந்து எறிந்து தலையால் முட்டிக்கொண்டிருந்தான். நாற்பது ஐம்பது தடவை இருக்கும். ராத்திரி தலை வலிக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். இது பழகப் பழகச் சரியாகிவிடுமா? விடலாமா, நிறுத்தலாமா?

மலைமேல் பி.டி. வாத்தியார்:

தமிழரசி அம்மா, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். தலைவலி போகவில்லை, வாந்தி வருகிறது, மந்தமாக இருக்கிறான் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நான் ஏற்காட்டில் உடற்கல்வி ஆசிரியர். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இலேயே பத்து வயதுக்குட்பட்டவர்கள் தலையால் ஆடுவதை நிறுத்தியது. இங்கிலாந்தில் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் வேண்டாம் என்றார்கள், அதற்கு மேல் வயதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கழுத்துத் தசை பலப்படாத வயதில் திரும்பத் திரும்ப அடி விழுவதுதான் அவர்கள் கவலை.

சுவர் சமாச்சாரத்தை விட்டுவிட்டு அவனுக்கு டென்னிஸ் பந்து ஒன்று வாங்கிக்கொடுங்கள். மேலே எறிந்து, எழும்பி, உச்சியில் கையால் பிடிக்கட்டும். ஹெட்டரில் பாதிக்கு மேல் அந்த நேரக் கணக்குதான். எப்போது ஓடத் தொடங்குவது, எந்தக் காலை ஊன்றி எழும்புவது, பந்து வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது. இதெல்லாம் தலையில் ஒரு அடியும் படாமல் வந்துவிடும். பதின்மூன்று வயதுக்கு மேல் லேசான பந்தில், நெற்றியால், ஒரு வகுப்பில் நாலைந்து தடவை போதும்.

இன்னொன்று. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 4-ஆம் நம்பர் பந்துதான். நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே 5-ஆம் நம்பர் பந்தைப் போட்டுவிடுகிறோம். எங்கள் மலையில் ஜூலை ஆகஸ்ட் மழையில் மலிவான தையல் பந்து தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனக்கும். அன்றைக்கு நான் யாரையும் தலையால் ஆட விடுவதில்லை.

தமிழரசி:

ரொம்ப நன்றி சார். காலையில் வலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறான். டென்னிஸ் பந்து ஒன்று வீட்டிலேயே இருந்தது.

விசில்:

நான் ரெஃப்ரி. மாவட்ட ஆட்டங்களுக்குப் போகிறவன். குளோசே என்றால் எல்லோரும் கோலைப் பேசுவீர்கள், எனக்கு அவரிடம் பிடித்தது வேறு.

2005. வெர்டர் பிரெமென் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பீலெஃபெல்டோடு ஆட்டம், இன்னும் கோல் விழவில்லை. பாக்ஸில் கீழே விழுந்தார், ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். எழுந்து போய், "கீப்பர் பந்தைத்தான் தொட்டார், அது பெனால்டி இல்லை" என்று சொல்லிவிட்டார். முடிவு மாற்றப்பட்டது.

2012. இத்தாலியில் லாசியோவுக்காக நாப்போலியோடு ஆட்டம். கார்னரில் பந்து அவர் கையில் பட்டு உள்ளே போனது. கோல் கொடுத்தாகிவிட்டது. ரெஃப்ரி கேட்டதும் கையில் பட்டது என்று ஒப்புக்கொண்டார். கோல் ரத்து. எதிரணிக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் லாசியோ 3-0 என்று தோற்றது.

ஆட்ட முடிவில் பையன்களைவிட அவர்களுடைய கோச்சுகளிடம்தான் நான் அதிகத் திட்டு வாங்குகிறேன். "விழுடா, விழுடா" என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் லைனுக்கு வெளியே நின்று கத்துகிற ஆட்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அப்படிப்பட்ட அணி என்னிடம் வந்து கை கொடுக்கும்போது எனக்கு மனசு கசந்துபோகிறது. கன்னங்குறிச்சி அண்ணா, உங்கள் பையனுக்குக் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரட்டடி:

நான் கேட்க நினைப்பது கோச் பக்கம். நன்றாகக் கோல் அடித்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எப்படி நம்புவது? ஸ்டிரைக்கருக்கு வருவது பெரும்பாலும் உள்ளுணர்வு. அதைப் பிரித்து வார்த்தையாக்குவது வேறு வேலை.

குளோசே ஆட்டத்தை 2016-இல் நிறுத்திவிட்டு முதலில் ஜெர்மனி அணியில் கோச் லோவ் கூட நின்று கற்றுக்கொண்டார். பிறகு பேயர்னில் இரண்டு வருடம் 17 வயதுக்குட்பட்டவர்கள். அப்புறம் அங்கேயே பெரியவர் அணியின் கோச் ஃபிளிக்குக்கு உதவியாளர். முதல் முறை தனியாக ஒரு பெரியவர் அணியை எடுத்தது 2022-இல், ஆஸ்திரியாவின் ஆல்ட்டாக். ஒரு சீசன் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். 2024-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் கிளப் அழைத்தது. உலகக் கோப்பையில் 16 கோல் அடித்தவருக்கே கோச் வேலை மறுபடி ஏழாவது டிவிஷனிலிருந்து ஏறுகிற மாதிரிதான் இருந்திருக்கிறது.

ஸ்பெயின் ஸ்டிரைக்கர் ஃபெர்னான்டோ டோரஸும் அப்படியே. 11 வயதில் அட்லெட்டிகோ மாட்ரிட்டில் சேர்ந்து, 19 வயதில் கேப்டன் ஆனவர். லிவர்பூல், செல்சீ எல்லாம் சுற்றிவிட்டு 2019-இல் ஜப்பானில் ஆட்டத்தை முடித்தார். 2021-இல் அதே அட்லெட்டிகோவின் இளையோர் அணிக்குக் கோச். மூன்று வருடம் கழித்துத்தான் அவர்களின் இரண்டாம் அணி. நேராகப் பெரிய நாற்காலிக்குத் தாவவில்லை.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. தமிழ்நாட்டு ஸ்டிரைக்கர் ராமன் விஜயன், எஃப்சி கொச்சினுக்காக 1997-98 தேசிய லீக்கில் அதிகக் கோல் அடித்தவர். அவரும் பிறகு பயிற்சி பக்கம்தான் வந்தார். இவரைப் பற்றி நம் பையன்களுக்கு யாருமே சொல்வதில்லை, அது எனக்கு வருத்தம்.

கன்னங்குறிச்சி ஒன்பது:

கரட்டடி, நீங்கள் கேட்டதற்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு. முதல் இரண்டு வருடம் நான் மோசமான கோச்தான். "அங்கே போய் நிற்க வேண்டியதுதானே" என்று கத்துவேன். ஏன் அங்கே என்று எனக்கே சொல்லத் தெரியாது. ஒருநாள் ஒரு பையன் நிஜமாகவே கேட்டுவிட்டான்: "ஏன் சார் அங்க?" பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டில் சோற்றைக் கட்டம் கட்டிப் பார்த்தேன். கிராஸ் அடிப்பவன் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிற அந்த நொடியில் டிஃபெண்டரும் பந்தைத்தான் பார்ப்பான். நான் எத்தனையோ வருடம் அந்த நொடியில் நகர்ந்திருக்கிறேன், ஆனால் நகர்கிறேன் என்பதே தெரியாமல். மறுநாள் கிரவுண்டில் தொப்பியையும் செங்கல்லையும் வைத்து அதைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பையன்கள் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

மலைமேல் பி.டி. வாத்தியார்:

உங்கள் பையன் எந்த மாதம் பிறந்தவன்?

கன்னங்குறிச்சி ஒன்பது:

நவம்பர் கடைசி.

மலைமேல் பி.டி. வாத்தியார்:

நினைத்தேன். வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துக் கணக்குப் போடுகிறோம். அப்போது ஜனவரியில் பிறந்தவனும் நவம்பர் கடைசியில் பிறந்தவனும் ஒரே பிரிவு, பதினோரு மாத வித்தியாசம். பதினாலு வயதில் பதினோரு மாதம் என்பது சில பையன்களுக்கு நாலு விரல் உயரம், ஒரு குரல் மாற்றம். உலகம் முழுக்க இளையோர் அணிகளை எடுத்துப் பார்த்தால் வருடத்தின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். தேர்வு செய்பவர் திறமை என்று நினைத்து எடுப்பது பல நேரம் வளர்ச்சியைத்தான். இங்கிலாந்து அகாடமிகளில் சில ஆட்டங்களுக்கு வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்து அணி பிரித்துப் பார்த்தார்கள்.

அப்புறம் நம் ஊரில் இதற்கு மேல் ஒன்று. சர்டிஃபிகேட்டில் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள். அதனால்தான் தேசிய அளவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். கீழ்மட்டத்தில் அதெல்லாம் எங்கே? உண்மையான 14 வயதுப் பையன் 16 வயதுக்காரனோடு தோளை மோதிவிட்டு "ஆள் சின்னது" என்று பெயர் வாங்குகிறான். அந்தப் பெற்றோர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டே கேட்டிருக்கிறேன், வேண்டாம் என்று.

அம்மாபேட்டை 17:

நான் இங்கே எழுதுவது முதல் தடவை. எனக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா தறி ஓட்டுகிறார்.

15 வயதில் ஓர் அணியில் இருந்தேன். ஒருநாள் அடுத்த வருட லிஸ்ட் சுவரில் ஒட்டியிருந்தது. நான்கு தடவை மேலிருந்து கீழே படித்தேன். பெயர் இல்லை. கோச் அங்கேதான் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். என்ன குறை என்று அவர் சொல்லியிருந்தால் அந்த நாலு வருடமும் அதைச் சரிசெய்திருப்பேன். இடது கால் சரியில்லை என்று இப்போது கல்லூரி கோச் சொன்னார். ஆறு மாதமாக இடது காலால் மட்டும்தான் சுவரில் பாஸ் அடிக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. நாலு வருடம் முன்னாலேயே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

கோச்சுகள் யாராவது படித்தால், எடுக்காத பையனிடம் தயவுசெய்து போய்ப் பேசுங்கள். எதைச் செய்துவிட்டு வா என்று ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

அழகாபுரம் ரவி:

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கூட ஒன்று சேர்க்கிறேன். கன்னங்குறிச்சி சார், அந்தப் பையனுக்கு நம்பிக்கை கொடுப்பதைவிட வேலை கொடுங்கள். இந்தத் தம்பிக்கு இடது கால் மாதிரி ஒன்று. 4-ஆம் நம்பர் பந்து ஆறு நான் வாங்கித் தருகிறேன்.

கன்னங்குறிச்சி ஒன்பது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் பட்டறைக்குப் போனேன்.

பையன் உள்ளே உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோத்துக்கொண்டிருந்தான். கீழே வெள்ளைத் துணி விரித்து, குறடால் ஒவ்வொரு கண்ணியாக எடுத்து, வாயை மூடி, அடுத்ததை எடுத்து. நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. அவன் அப்பா டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, "சார், இவன் பந்து ஆடறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா அன்னிக்கு வந்து சாப்பிடவே இல்லை. அதான் பயமா இருக்கு" என்றார். படிப்பை விடச் சொல்லமாட்டேன், எந்த அணிக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன், காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் அனுப்புங்கள் என்றேன். சரி என்றார். அவருக்குக் குளோசேவைத் தெரியாது. தச்சு வேலை கற்றவர் என்றதும், "தொழில் கையில இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பையனிடம் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை. நவம்பர் கணக்கைச் சொன்னேன். அது அவனுக்குப் புதிது, விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு போனில் குளோசேயின் கோல்கள் நாலைந்தைப் போட்டேன். இரண்டாவது கோல் முடிவதற்குள் நிறுத்தச் சொன்னான். பின்னால் தள்ளிப் பார்த்தான். மறுபடி தள்ளினான். "சார், கிராஸ் வர்றதுக்கு முன்னாடி இவர் ரெண்டு அடி பின்னால போறாரு. அந்த ஆள் கண்ணுக்கு மறைவா. அப்புறம்தான் முன்னால வர்றாரு."

எனக்கு இரண்டு வருடமும் ஒரு தட்டுச் சோறும் தேவைப்பட்ட விஷயம் அது.

அவனுக்கு வேலை கொடுத்துவிட்டேன். முதல் டச். பந்து காலில் பட்டு ஒரு முழத்துக்கு மேல் தள்ளிப் போகக்கூடாது, இரண்டு காலிலும். செலக்ஷனில் அந்த மூன்று தடவையும் பந்து தள்ளித்தான் போனது, அதை நான் அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மாபேட்டைத் தம்பி எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டான்.

பி.டி. சார், அடுத்த ஞாயிறு உங்கள் பையன்களோடு ஓர் ஆட்டம் வைத்துக்கொள்ளலாமா? ஏழு ஏழு பேராக, சின்ன மைதானம், எல்லோருக்கும் சமமான நேரம். நாங்கள் பதினாறு பேர், காலை ஆறரைக்குக் கோரிமேட்டில் பஸ் ஏறுவோம். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு வயிறு புரட்டும், எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறேன். விசில் அண்ணா, நீங்கள் வரமுடிந்தால் ரொம்பச் சந்தோஷம். அம்மாபேட்டைத் தம்பி, எனக்குக் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும், உனக்கு அன்றைக்கு வேலை இல்லை என்றால் வா.

மலைமேல் பி.டி. வாத்தியார்:

தாராளமாக. பனி எட்டரைக்குத்தான் விலகும், ஒன்பது மணிக்குத் தொடங்கலாம். ஸ்டட் உள்ள பூட்ஸ் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், புல் ஈரமாக இருக்கும். சாப்பாடு எங்கள் பொறுப்பு.

அம்மாபேட்டை 17:

வருகிறேன் அண்ணா. ஆறரைக்குக் கோரிமேட்டில் இருப்பேன்.